ஈரத்துண்டைப் பிழிந்த காலை

வலி முதலில் வயலினில் வரவில்லை, குளியலறையில்தான் வந்தது. ஈரத்துண்டைப் பிழியும்போது இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, உள்ளே யாரோ நூலைச் சுண்டி இழுத்ததுபோல் ஒரு சுரீர். துண்டு கையிலிருந்து நழுவியது. எடுத்து மறுபடி பிழிந்தேன். மறுபடி சுரீர். ராத்திரி கையைக் கோணலாக மடித்துப் படுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையும் வயலினை எடுத்து மூன்று மணி நேரம் வாசித்தேன். வாசிக்கும்போது அவ்வளவாக வலிக்கவில்லை. அப்புறம் என்ன, வயலினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

கை அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு பகுதியை வாசித்து முடித்ததும் இடது கையை இரண்டு முறை உதறுவேன். கூட வாசிப்பவர்கள் "கைல என்ன?" என்று கேட்டால், "வலியெல்லாம் இல்ல, சும்மா" என்பேன். தண்ணீர்க் குவளையை எப்போதும் இடது கையால் எடுப்பவன், எப்போதோ வலது கைக்கு மாறியிருந்தேன். எந்த நாளில் மாறினேன் என்று எனக்கே தெரியாது. உடம்பு தன் பாட்டுக்கு வேலையை மாற்றிக் கொடுத்துவிடுகிறது, நம்மிடம் கேட்பதில்லை.

நான் தொழில்முறைக் கலைஞன் இல்லை. பகலில் கணினி முன்னால் வேலை, மாலையில் ஒரு மணி நேரம் வயலின். பல வருடங்களாக அப்படித்தான். ஒரு நிகழ்ச்சிக்குத் தேதி குறித்தார்கள், மூன்றே வாரம் இருந்தது. ஒரு மணி நேரம் மறுநாளே மூன்றானது, வார இறுதியில் ஐந்தானது. அதிலும் முக்கால்வாசி நேரம் ஒரே எட்டு வரிகள்தான். எனக்கு வராத அந்த எட்டு வரிகள்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அருமையான கலைஞர். அவர் அடிக்கடி சொன்னது: "வலிச்சாத்தான்டா விரல் வழிக்கு வரும்." விரல் நுனியில் தந்தி அழுத்தித் தோல் தடிக்கிறதே, அந்த வலிக்கு அவர் சொன்னது சரி. மணிக்கட்டின் வலிக்கும் அதையே பொருத்திக்கொண்டது என் தவறு. இரண்டு வலிகளுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதில் இப்படி ஒரு வில்லங்கம்.

முதலில் பார்த்த மருத்துவர் இரண்டு நிமிடத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்து, "கொஞ்ச நாள் வாசிக்காதீங்க" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். "வலி போற வரைக்கும்." மாத்திரை போட்டதும் வலி போய்விட்டது. வலி போனதால் வாசித்தேன். என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் மீது குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நெருப்புப் பிடித்த வீட்டில் அலாரத்தின் ஒயரை அறுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தவன் நான்தான்.

நிகழ்ச்சியில் என் இடத்தில் வேறொருவர் வாசித்தார். அதற்கு அடுத்த வாரம் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். என்னைவிடப் பத்து வயதாவது சின்னப் பெண். தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வியே "எந்த வாத்தியம் சார்?" என்பதுதான். "வரும்போது வயலினையும் கொண்டுவந்திடுங்க. வெறுங்கையைப் பாத்து நான் என்ன சொல்ல முடியும்?"

அங்கே போனதும் கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடச் சொன்னார். பிறகு மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "டி கெர்வெய்ன்" என்றார். 1895-ல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவரின் பெயர். கட்டைவிரலை விரிக்கவும் தூக்கவும் செய்கிற இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து இறுகிவிட்டால், ஒவ்வொரு அசைவிலும் நாண் அதற்குள் சிக்கித் தேய்கிறது. துண்டு பிழிவது, குழந்தையைத் தூக்குவது, வயலினின் கழுத்தைக் கட்டைவிரலால் இறுக்கிப் பிடிப்பது எல்லாம் அந்த இரண்டு நாண்களின் தலையில்தான் விழுகிறது. (வீட்டில் இந்தச் சோதனையைத் தினமும் செய்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நான் பார்த்தேன். புண்ணைக் குத்திக் குத்தி ஆறிவிட்டதா என்று பார்ப்பது மாதிரிதான் அது.)

அன்று அவர் சொன்ன ஒரு விஷயம் என்னை உலுக்கியது. விரலை மடக்க நீட்டத் தசை எங்கே இருக்கிறது தெரியுமா? விரலுக்குள் இல்லை. பெரும்பாலும் முன்கையில் இருக்கிறது, மீதி உள்ளங்கையில். அங்கிருந்து நீண்ட கயிறுகள்போல நாண்கள் விரல்வரை போகின்றன. ஒரு கையால் மற்ற முன்கையைப் பிடித்துக்கொண்டு மேசையில் விரல்களால் தாளம் போட்டுப் பாருங்கள், முழங்கைக்குக் கீழே தசை துள்ளுவது தெரியும். மணிக்கட்டின் உட்புறம் உள்ள கார்ப்பல் டனல் என்ற இடுக்கில் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொண்டு விரலை ஓட்டுவது, மூலையில் மடங்கிய குழாயில் கயிற்றை இழுப்பதற்குச் சமம். இத்தனை வருடம் விரலைத் தனி ஆளாக நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அது வெறும் பொம்மலாட்டப் பொம்மை. ஆட்டுகிறவன் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடித்துக்கொண்டு, மோதிரவிரலைத் தூக்குங்கள். வராது. புறங்கையில் மோதிரவிரலின் நாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு இணைப்புப் பட்டைகளால் கட்டப்பட்டிருக்கிறது. இது சோம்பலோ பயிற்சிக் குறைவோ இல்லை, உடலமைப்பு. இந்த அமைப்போடு மல்லுக்கட்டி விரலுக்குத் தனிச் சுதந்திரம் வாங்கித்தர வேண்டும் என்று எத்தனையோ பேர் எத்தனையோ கருவிகளைச் செய்திருக்கிறார்கள். பியானோ கலைஞராக வேண்டும் என்று துடித்த ராபர்ட் ஷூமன் அப்படி ஒரு கருவியைப் பயன்படுத்தினார். 1832 வாக்கில் அவருடைய வலது கை மேடைக்கு உதவாமல் போய்விட்டது. கை போனதற்குக் கருவிதான் காரணமா, வேறு நோயா என்று இன்றும் மருத்துவர்கள் வாதாடுகிறார்கள். அவர் எழுதிய பியானோ இசையை மேடையில் வாசித்துக் காட்டியது அவர் மனைவி கிளாரா. நமக்கு ஒரு பெரிய இசையமைப்பாளர் கிடைத்தார் என்று இதை ஆறுதலாகச் சொல்வார்கள். எனக்கு அந்த ஆறுதல் பிடிப்பதில்லை.

ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாந்தர் ஸ்கிரியாபின் 1891-ல் மாணவராக இருந்தபோது மிகக் கடினமான பியானோ படைப்புகளை வெறியோடு பயிற்சி செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தின் நினைவாக இடது கைக்கு மட்டுமே அவர் எழுதிய இரண்டு சிறு படைப்புகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. அமெரிக்க பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷர் கதை இன்னும் கடினம். 1964-ல், முப்பதுகளின் நடுவில், உச்சத்தில் இருந்தபோது, அவருடைய வலது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் தாமாகவே உள்நோக்கிச் சுருண்டன. ஃபோகல் டிஸ்டோனியா. மூளையிலிருந்து போகும் கட்டளையே குழம்பிப்போகிற கோளாறு இது. பெரும்பாலும் வலி இருக்காது. வாத்தியத்தைத் தொட்டால்தான் விரல் சொன்னபடி கேட்காது, மற்ற வேலைகளில் ஒன்றும் தெரியாது. முப்பது ஆண்டுகள் இடது கைக்கான படைப்புகளை வாசித்தும், கற்றுக்கொடுத்தும், இசைக்குழுவை நடத்தியும் ஓட்டிய பிறகு, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியின் உதவியோடு இரண்டு கைகளாலும் வாசிக்கத் திரும்பினார். தொழில்முறை இசைக்கலைஞர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு இது வரலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வலி இல்லாமல் ஒரு விரல் மட்டும் பிடிவாதம் பிடித்தால், "இன்னும் நூறு தடவை வாசி" என்பது அதற்கு மருந்து இல்லை. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பெரிய ஆட்களுக்குத்தானே இதெல்லாம் என்று தோன்றலாம். அமெரிக்காவில் 48 இசைக்குழுக்களின் கலைஞர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 1988-ல் வெளியானது. பதில் அனுப்பிய 2,212 பேரில் 76 சதவீதம் பேர், வாசிப்பையே பாதிக்கும் அளவுக்குக் குறைந்தது ஒரு உடல் பிரச்சினையாவது தங்களுக்கு இருப்பதாகச் சொன்னார்கள். நாலில் மூன்று பேர். ஒத்திகையில் கையை உதறிக்கொண்டு "சும்மா" என்று சொன்னது நான் மட்டும் இல்லை.

மறுபடி அந்தச் சிகிச்சை அறைக்கு வருகிறேன். வயலினைத் தோளில் வைத்ததும் அந்தப் பெண் என் கையைப் பார்க்கவே இல்லை. பின்னால் போய் நின்றுகொண்டார். "இடது தோள் காதுக்குப் பக்கத்துல வந்திருக்கு சார்." இறக்கினேன். வயலின் சரிந்தது. சரியாமல் இருக்கக் கட்டைவிரல் கழுத்தை இறுக்கியது. "பாத்தீங்களா?" என்றார். ஒரு வயலின் அரைக் கிலோ இருந்தால் அதிகம். தலை கிட்டத்தட்ட ஐந்து கிலோ. தலையின் கனத்தைத் தாடை வழியாக லேசாக விட்டாலே வாத்தியம் நிற்க வேண்டும். எனக்கோ கழுத்து நீளம், தாடைக்கும் வயலினுக்கும் நடுவே இடைவெளி. அந்த இடைவெளியை இத்தனை நாளும் தோளைத் தூக்கியும் கட்டைவிரலை இறுக்கியும் அடைத்திருக்கிறேன். தாடைத் தாங்கியை உயரமானதாக மாற்றச் சொன்னார். அந்தத் தாங்கியே 1820 வாக்கில் லூயி ஷ்போர் என்ற வயலின் கலைஞர் கண்டுபிடித்ததுதான். அதற்கு முன்னால் அது இல்லாமலே வாசித்தார்கள். வாத்தியம் உடம்புக்குத் தக்கபடி மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. நாம்தான் கடையில் கொடுத்தபடி அப்படியே வைத்துக்கொண்டு உடம்பை அதற்குத் தக்கபடி வளைக்கிறோம்.

அடுத்து அவர் சொன்ன பயிற்சியை இன்றும் தினமும் செய்கிறேன். வில்லைத் தந்தியில் ஓட்டிக்கொண்டே, இடது விரலை அழுத்தாமல் தந்தியின் மேல் வெறுமனே வைக்க வேண்டும். 'ஸ்ஸ்' என்று காற்று மாதிரி ஒரு ஒலி வரும். மெதுவாக, மயிரிழை அளவாக, அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கரகரக்கும், பிசிறும், பிறகு ஒரு புள்ளியில் சுரம் பளிச்சென்று தெளியும். அங்கேயே நிறுத்த வேண்டும். "இதுக்கு மேல நீங்க அழுத்துறதெல்லாம் யாருக்கு சார்?" என்று கேட்டார். நான் வழக்கமாக அழுத்துவதில் பாதிகூட இல்லை அது. கிதாரோ வீணையோ, தந்தியை அழுத்தி வாசிக்கிற யாரும் இதைச் செய்து பார்க்கலாம். பியானோக்காரர்களுக்கு வேறு மாதிரி: சுத்தியல் தந்தியில் பட்டுத் திரும்பிய பிறகு விசையை எவ்வளவு அழுத்தினாலும் அந்த ஒலி மாறப்போவதில்லை. ஆனாலும் விரல் தரையைத் தோண்டுவது மாதிரி அழுத்திக்கொண்டே இருக்கும்.

மூன்று வாரம் கட்டைவிரலுக்குப் பட்டை. பிறகு திரும்ப வாசிக்க அனுமதி, ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. விரலே வைக்காமல், வெறும் தந்தியில் வில் மட்டும். மறுநாள் காலை வலி கூடவில்லை என்றால் நான்கு நாள் கழித்து எட்டு நிமிடம். எந்த நிமிடத்தில் நிறுத்துவது என்பதை முந்தைய நாள் எழுதிவைக்க வேண்டும், வாசிக்கும்போது முடிவு செய்யக் கூடாது. வாசிக்கும்போது பல நேரம் வலிக்காது, அதுதான் தொல்லை. கை சூடாக இருக்கும், மனசு பாட்டில் இருக்கும், கணக்கு மறுநாள் காலையில் துண்டைப் பிழியும்போதுதான் வரும்.

இதில்தான் எனக்கு முழு விஷயமும் விளங்கியது. என் பிடி தவறுதான், தோள் தவறுதான். ஆனால் அதே தவறான தோளோடு பல வருடம் ஒரு மணி நேரம் வாசித்து எனக்கு ஒன்றும் ஆகவில்லையே! ஒன்று மூன்றான அந்த வாரம்தான் உடைந்தது. தசை சீக்கிரம் பலம் ஏறும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது பழகவும் மெதுவாகத்தான் பழகும், ஆறவும் மெதுவாகத்தான் ஆறும். தேர்வு நெருங்கும்போது, இசை முகாமில், புது வாத்தியம் வாங்கிய முதல் மாதத்தில், நீண்ட விடுமுறைக்குப் பின் அடித்துப் பிடித்துத் திரும்பும்போது கை போகிறது என்றால் பெரும்பாலும் காரணம் தசையும் நாணும் பழகும் வேகத்தில் உள்ள இந்த இடைவெளிதான். தினம் ஆறு மணி நேரம் வாசிப்பவருக்கு ஆறு மணி நேரம் அதிகம் இல்லை, எனக்கு மூன்றே அதிகம். அதனால் இப்போது நான் நோட்டில் எழுதுவது என்ன வாசித்தேன் என்பதை இல்லை, எத்தனை நிமிடம் வாசித்தேன் என்பதை.

இருபத்தைந்து நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் ஓய்வு என்பது பலரும் சொல்லும் கணக்கு. நானும் கடைப்பிடித்தேன். முதல் பத்து நாள் அந்த ஐந்து நிமிடமும் போனை இடது கையில் பிடித்து இடது கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அதே இரண்டு நாண்கள்! பகலெல்லாம் விசைப்பலகை வேறு. கைக்கு நாம் செய்யும் வேலை இசையா அலுவலகமா என்ற பேதம் தெரியாது, மொத்தமாகத்தான் கூட்டுகிறது.

வாசிக்காத நேரத்தில் என்ன செய்வது? அந்த எட்டு வரிகளை வயலின் இல்லாமல் பயிற்சி செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த விரல், எந்தத் தந்தி, வில் மேலா கீழா என்று மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பது. இது கைவிட்டவனின் ஆறுதல் இல்லை. 1995-ல் நரம்பியல் ஆய்வாளர் ஆல்வரோ பாஸ்குவல் லியோனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பியானோவே தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்து ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம், ஒரு சாராரைக் கையால் வாசிக்கவும் இன்னொரு சாராரை மனத்தால் மட்டும் வாசிக்கவும் வைத்தார்கள். விரல்களை இயக்கும் மூளைப் பகுதியில் இரு சாராருக்கும் ஒத்த மாற்றம் தெரிந்தது. மனத்தால் வாசித்தவர்கள் துல்லியத்தில் பின்தங்கியிருந்தாலும், அதன்பிறகு ஒரே ஒரு முறை கையால் பயிற்சி செய்ததும் நெருங்கிவிட்டார்கள். என் அனுபவமும் அதுதான். மனத்துக்குள் ஓட்டும்போது மூன்றாவது வரியில் எனக்கு விரல் எண்ணே தெரியவில்லை. அத்தனை மணி நேரமும் கை குத்துமதிப்பாக ஓடியிருக்கிறது, தலைக்கு ஒன்றும் தெரியாது!

கையை அமுக்கிப் பலமாக்கும் ஸ்பிரிங் பிடி வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம்: வேண்டாம். ஏற்கெனவே இறுக்குகிற கைக்கு இன்னும் இறுக்கக் கற்றுத்தருவானேன்? தோளுக்கும் முதுகுக்கும் உடற்பயிற்சி செய்யுங்கள், நடங்கள். குளிர்ந்த கையை வலுக்கட்டாயமாக வளைத்து இழுக்கும் பயிற்சிகளிலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. முதல் பத்து நிமிடம் மெதுவாக வாசிப்பதே போதுமான சூடு.

மரத்துப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் பக்கம் இரவில் மரத்து எழுப்பினால் மணிக்கட்டு இடுக்கில் உள்ள நரம்பு. சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்தால், முழங்கையை இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு. இரண்டுமே தள்ளிப்போடக் கூடாதவை. யாழின் தந்தியையும் பழந்தமிழில் நரம்பு என்றுதான் சொன்னார்கள். அறுந்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய நரம்பு அது.

பாடகர்களுக்கு ஒன்றே ஒன்று: தொண்டை கட்டியிருக்கும்போது மரத்துப்போகச் செய்யும் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பாடுவது, நான் மாத்திரை போட்டுக்கொண்டு வாசித்த அதே கதை.

காது விஷயம் எனக்கு மிகத் தாமதமாக உறைத்தது. வயலின் இடது காதிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கிறது. பலமாக வாசித்தால் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். வேலையிடப் பாதுகாப்புக்கான அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்குப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் பதினைந்து நிமிடம். உட்காதில் உள்ள மயிர்ச் செல்கள் மனிதனுக்கு ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. சாதாரண நுரை அடைப்பான் மேல் சுரங்களை அதிகம் விழுங்கிவிடும், எல்லாம் போர்வைக்குள் கேட்பதுபோல் இருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்படுபவை எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும். இடது காதில் மட்டும் ஒன்றைப் போட்டுக்கொண்டு பழகினேன். முதல் வாரம் எரிச்சல், இப்போது இல்லாவிட்டால்தான் எரிச்சல்.

ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு வர நான்கு மாதம் ஆனது. அந்த எட்டு வரிகளை இப்போது வாசிக்கிறேன், ஆறாவது வரியில் கொஞ்சம் தடுமாற்றத்தோடு.

போன வாரம் ஒத்திகையில் என் பக்கத்தில் ஒரு பையன், பதினாறு பதினேழு வயது இருக்கும். அவனுக்கு ஏதோ தேர்வு வருகிறதாம். நான்கு பக்கம் முடிந்து எல்லோரும் தாளைத் திருப்பும்போது அவன் இடது கையை இரண்டு முறை உதறினான்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"என்னது அங்கிள்?"

"கைய உதறுறது."

சட்டென்று கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான். "வலியெல்லாம் இல்ல அங்கிள், சும்மா."

"தண்ணி பாட்டிலை இப்ப எந்தக் கையால தொறக்குற?"

அவன் பதில் சொல்லவில்லை. கீழே இருந்த பாட்டிலைப் பார்த்தான், பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தான்.